மாடி வாளி நொறுங்குகிறது, பக்கத்திலேயே கறுப்புத் தொட்டி நிற்கிறது: இரண்டும் ஒரே பிளாஸ்டிக்தானா?

கேள்வி கேட்டவர் பெரம்பூர்க்காரர். அவர் எழுதியதன் சாரம் இது: மொட்டை மாடியில் கிடந்த நீல வாளி இரண்டு கோடை தாண்டியதும் வெளுத்து, தூக்கப் போனால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. நாலடி தள்ளி நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் பத்து வருடமாக ஒரு கீறல்கூட இல்லை. கடையில் கேட்டால் "ரெண்டும் ஒரே பிளாஸ்டிக்தான் சார்" என்கிறார்கள். மகளின் பாடப் புத்தகத்தில் வைரமும் பென்சில் கரியும் ஒரே கார்பன் என்று போட்டிருக்கிறது. "ஒரே பொருள் என்றால் ஒரே மாதிரிதானே நடந்துகொள்ள வேண்டும்?" என்று முடித்திருக்கிறார்.

வாளியைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், ஒரு பொருள் எதனால் ஆனது என்று தெரிந்துவிட்டால் அது எதற்கு உதவும் என்று சொல்லிவிட முடியுமா என்பதுதான் இதில் உள்ள உண்மையான கேள்வி. முடியாது. அணுக்கள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன, கோத்தவை ஒன்றோடொன்று எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்த்தாக வேண்டும். இந்த வகையில் வாளிக்கும் வைரத்துக்கும் பதில் ஒன்றுதான். அதனால் வைரத்திலிருந்தே வருகிறேன்.

வைரத்தில் ஒரு கார்பன் அணுவுக்கும் அடுத்ததற்கும் இடையே 0.154 நானோமீட்டர். பால் கவரில் இருக்கும் பாலித்தீன் சங்கிலியிலும் அதே 0.154 நானோமீட்டர்தான். பிணைப்பும் அதே வகை, வலுவும் ஏறத்தாழ அதே. இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களைப் பிடித்திருக்கிறது; எந்தப் பக்கம் போனாலும் அந்த வலுவான பிணைப்பு உண்டு. கிராஃபைட்டில் ஒவ்வொன்றும் மூன்றை மட்டும் பிடித்து, தேன்கூடு போலத் தட்டையான தாளாகப் பரவுகிறது. தாளுக்குள் இடைவெளி 0.142 நானோமீட்டர், அதாவது வைரத்தைவிட நெருக்கம். ஆனால் ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவே 0.335 நானோமீட்டர், அங்கே வேதிப் பிணைப்பே கிடையாது, ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு மெல்லிய ஈர்ப்பு மட்டும். பாலித்தீனில் ஒவ்வொரு கார்பனும் இரண்டு கார்பன்களைப் பிடித்திருக்கிறது, மீதி இரண்டு கைகளிலும் ஹைட்ரஜன். ஆகவே வலுவான பிணைப்பு நூல் போல ஒரே திசையில் ஓடுகிறது. நூலுக்கும் நூலுக்கும் நடுவே கிராஃபைட் தாள்களுக்கு நடுவில் இருப்பதைப் போன்ற மெல்லிய ஈர்ப்புதான். வைரத்தில் மூன்று திசை, கிராஃபைட்டில் இரண்டு, பாலித்தீனில் ஒன்று. வலுவான பிணைப்பு இல்லாத திசையில் எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். பொருளின் உபயோகம் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஆவின் கவர் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, ஒரு சென்டிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். ஓரம் பிசிறில்லாமல் இருக்க வேண்டும். துளி வெட்டு இருந்தாலும் அங்கேயே கிழிந்துவிடும். இரண்டு முனையையும் விரலில் சுற்றிக்கொண்டு, பத்துப் பதினைந்து நொடி எடுத்து மெதுவாக இழுங்கள். முதலில் பட்டை முறுக்கிக்கொண்டு நிற்கும். பிறகு ஓரிடத்தில் இடுப்பு ஒடுங்கும். ஒடுங்கிய இடம் மெலிந்துவிட்டதே, அங்கேதான் அறும் என்று தோன்றும். அறாது. அந்த ஒடுக்கம் இருபுறமும் பரவிக்கொண்டே போகும், பட்டை இரண்டு மூன்று மடங்கு நீளும். சில கவரில் இடுப்பு தெளிவாக விழாமல் பட்டை முழுக்கச் சீராக நீளும். படலம் ஊதிய விதத்தைப் பொறுத்தது அது. நீண்ட பகுதியை மறுபடி இழுத்துப் பாருங்கள், மெல்லியதாக இருந்தும் விரலை அறுக்கிற அளவுக்கு இறுக்கமாக இருக்கும். இடியாப்பச் சிக்கலாகக் கிடந்த சங்கிலிகள் இழுத்த திசையில் நீட்டிப் படுத்துவிட்டன. முதலில் நீங்கள் இழுத்தபோது எதிர்த்து நின்றது சங்கிலிகளுக்கு நடுவே உள்ள மெல்லிய ஈர்ப்பு; இப்போது எதிர்ப்பது சங்கிலிக்குள் இருக்கும், வைரத்தில் இருக்கிற அதே பிணைப்பு. இன்னொரு பட்டையை எடுத்து வெடுக்கென்று இழுத்தால் அவ்வளவு நீளாமல் அறுந்துவிடும். சங்கிலிகள் வழுக்கி வரிசைப்பட நேரம் வேண்டும். அந்த நேரத்தை நீங்கள் கொடுக்கவில்லை.

பால் கவரின் விறைப்பு சுமார் 0.2 ஜிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு). முழுமையாக நீட்டி வரிசைப்படுத்திய பாலித்தீன் படிகத்தில், சங்கிலித் திசையில் அதுவே 200க்கு மேல் போகிறது, அதாவது எஃகின் அளவு. அதே அணு, அதே பிணைப்பு, ஆயிரம் மடங்கு வித்தியாசம். இந்த ஆயிரத்தில் ஒரு நல்ல பங்கைத் தொழிற்சாலையில் எட்டியிருக்கிறார்கள்: மிக நீளமான பாலித்தீன் சங்கிலிகளைக் கரைப்பானில் கரைத்துச் சிக்கலைக் குறைத்து, நூலாக இழுத்தால் குண்டு துளைக்காத உடைக்கும் கப்பல் கயிற்றுக்கும் ஆகும் இழை கிடைக்கிறது. ஆனாலும் அது பாலித்தீன்தான். 150 டிகிரியை நெருங்கினால் உருகும், பாரத்தைத் தொடர்ந்து தொங்கவிட்டால் மெல்ல மெல்ல நீளும். பக்கவாட்டுப் பிடிமானம் மாறவே இல்லை, அதனால் அந்தப் பலவீனமும் போகவில்லை.

இனி எல்.டி. (அடர்த்தி குறைந்த பாலித்தீன்), எச்.டி. (அடர்த்தி கூடிய பாலித்தீன்) விவகாரம். பாரிமுனை மொத்தக் கடைகளில் எச்.எம். கவர், எல்.டி. கவர், பி.பி. கவர் என்று பிரித்துச் சொல்வார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தூக்கியெறியும் பைகளுக்குத் தடை வந்த பிறகும் இந்தப் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். எச்.எம். கவர் மெல்லியது, கசக்கினால் சரசரக்கும், பார்வைக்கு மங்கல். எல்.டி. கவர் வழவழப்பு, சத்தம் போடாது, உள்ளே இருப்பது தெரியும். இரண்டும் பாலித்தீன். 1933இல் இங்கிலாந்தில் மிக உயர்ந்த அழுத்தத்தில் தற்செயலாகக் கிடைத்த பாலித்தீனில் சங்கிலி நெடுகக் கிளைகள் இருந்தன. ஆயிரம் கார்பனுக்கு இருபது முப்பது கிளை. அதுதான் எல்.டி. 1953இல் கார்ல் சீக்லர் கண்டுபிடித்த வினையூக்கி சாதாரண அழுத்தத்திலேயே கிட்டத்தட்டக் கிளையில்லாத சங்கிலியைக் கொடுத்தது. அது எச்.டி., எச்.எம். கவரும் அந்த வகைதான். ஈர்க்குச்சியைக் கட்டினால் கையடக்கமாக இறுகும். கிளைவிட்ட சுள்ளியைக் கட்டினால் நடுவில் இடைவெளிதான் அதிகம் இருக்கும். அதேபோல எச்.டி. சங்கிலிகள் நெருங்கிப் படிகமாக அடுக்கிக்கொள்கின்றன, அடர்த்தி 0.94 முதல் 0.97 வரை, உருகும் வெப்பம் 130 டிகிரி அளவில். எல்.டி.யின் அடர்த்தி 0.91 முதல் 0.93, உருகுவது 110 அளவில். படிகம் கூடினால் விறைப்பு கூடும், ஒளியைச் சிதறடிப்பதால் மங்கும், ஆவியும் எண்ணெயும் ஊடுருவுவது குறையும். குடமும் எண்ணெய் கேனும் எச்.டி.யில் செய்வதும், பிழிந்து எடுக்கும் குப்பி எல்.டி.யில் செய்வதும் இதனால்தான்.

படிகம் கூடக் கூட நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு படிக அடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒழுங்கில்லாத பகுதி உண்டு. சில நீளமான சங்கிலிகள் ஒரு அடுக்கில் தொடங்கி, அந்தப் பகுதியைத் தாண்டி, அடுத்த அடுக்குக்குள் நுழைந்திருக்கும். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே ஓடும் கட்டுக்கம்பி மாதிரி. இந்தக் கட்டுச் சங்கிலிகள் எத்தனை இருக்கின்றன என்பதில்தான் ஒரு எச்.டி. பொருளின் ஆயுள் இருக்கிறது. தரை துடைக்கும் திரவமோ சோப்புக் கரைசலோ ஊற்றி வைத்த கேன், ஒருபக்கம் அழுத்தம் பட்டபடி மாதக்கணக்கில் நின்றால், மடிப்பு ஓரத்தில் மயிரிழைபோல விரிசல் விடும். சோப்பு பாலித்தீனைக் கரைக்கவில்லை, அரிக்கவும் இல்லை. அழுத்தத்தில் இருக்கும் கட்டுச் சங்கிலிகள் ஒவ்வொன்றாக வழுக்கி வெளியே வர வழி செய்து கொடுக்கிறது. வெறும் தண்ணீரில் அதே கேன் பல வருடம் நிற்கும். தண்ணீர்க் கேனில் கிளீனர் ஊற்றி வைக்க வேண்டாம் என்று சொல்ல, விஷம் கலக்கும் என்ற பயத்தோடு இந்தக் காரணமும் சேர்கிறது.

பாலிப்ரொப்பிலீன், கடைப் பேச்சில் பி.பி., சங்கிலியின் ஒவ்வொரு இரண்டாவது கார்பனிலும் ஒரு சின்னக் கிளை வைத்திருக்கிறது. அந்தக் கிளைகள் எல்லாம் ஒரே பக்கம் ஒழுங்காக அமைந்தால் சங்கிலி சுருளாகச் சுற்றிக்கொண்டு நன்றாகப் படிகமாகும். 160 டிகிரிக்கு மேல்தான் உருகும். சூடான சாம்பாரைக் கட்டிக் கொடுக்கும் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருப்பது அதனால்தான். ஆனால் ஃப்ரீசரில் வைத்த பி.பி. டப்பா கைதவறி விழுந்தால் உடைந்துவிடும். படிகமில்லாத பகுதியில் உள்ள சங்கிலிகள் அசைவதை நிறுத்தும் வெப்பநிலை பி.பி.க்கு சுமார் பூஜ்ஜியம் டிகிரி; ஃப்ரீசரோ மைனஸ் 18. பாலித்தீனுக்கு அது மைனஸ் 100க்கும் கீழே, அதனால் பாலித்தீன் டப்பா ஃப்ரீசரில் வளைந்துகொடுக்கும். தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக்குக்கு அந்தப் புள்ளி 75 டிகிரி வாக்கில் இருக்கிறது. பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் வயிற்றுப் பகுதி சுருங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டிலை, 100 டிகிரி அளவில் சூடாக்கிய ஒரு தடித்த சோதனைக்குழாய் போன்ற துண்டிலிருந்து ஊதி நீட்டுகிறார்கள். நீட்டிய நிலையிலேயே குளிரவைத்து உறையவிடுகிறார்கள். கொதிநீர் அந்த உறைவைத் தளர்த்தியதும் சங்கிலிகள் பழைய சுருளுக்குத் திரும்பப் பார்க்கின்றன. நீட்டப்படாத கழுத்துப் பகுதி சுருங்குவதில்லை, தளர்ந்து கோணிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இப்போது மாடிக்கு வருவோம். முதலில், கடைக்காரர் சொன்னது பாதிதான் சரி. தொட்டி பெரும்பாலும் சுழல் வார்ப்பில் செய்த பாலித்தீன்: தூளை அச்சில் போட்டு, அடுப்பில் இரண்டு திசையிலும் சுழற்றி, அழுத்தமே இல்லாமல் உருக்கிப் படியவிடுவார்கள். மெல்லக் குளிர்வதால் உள்ளே இழுவிசை அதிகம் தங்காது. வாளி, உருகிய பிளாஸ்டிக்கை அதிக அழுத்தத்தில் அச்சுக்குள் பீய்ச்சி, நொடிகளில் குளிரவைத்துத் தள்ளுவது, பி.பி.யாகவோ எச்.டி.யாகவோ இருக்கும். வாளியைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியின் நடுவில் ஒரு புள்ளித் தழும்பு தெரியும். பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த வாய் அது. உள்ளே அடைபட்ட இழுவிசை அங்கே அதிகம். பல வாளிகளில் முதல் விரிசல் அந்தப் புள்ளியிலிருந்தோ, கைப்பிடி மாட்டும் காதிலிருந்தோ கிளம்புகிறது.

வெயில் செய்வது அதற்கு மேல். சுத்தமான பாலித்தீன் சூரியனின் புற ஊதாக் கதிரை அநேகமாக உறிஞ்சாது. ஆனால் உருக்கும்போதே ஆங்காங்கே ஆக்சிஜன் ஏறிய இடங்கள், வினையூக்கியின் மிச்சம், நிறமிகள் எல்லாம் உறிஞ்சும். உறிஞ்சிய இடத்தில் பிணைப்பு ஒன்று அறுந்து, அறுந்த முனை காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து, அது பக்கத்துச் சங்கிலியையும் தாக்கி, தொடராக ஓடும். பி.பி.யில் கிளை முளைக்கும் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன் எளிதில் பறிபோகும் என்பதால், பாதுகாப்பு ஏதும் சேர்க்காத பி.பி., பாலித்தீனைவிடச் சீக்கிரம் கெடும். நொறுங்குவதற்கு எவ்வளவு சேதம் வேண்டும் தெரியுமா? ஒரு லட்சம் மூலக்கூறு எடையுள்ள பாலித்தீன் சங்கிலியில் ஏழாயிரம் கார்பன் இருக்கும். அதில் இரண்டு மூன்று இடத்தில் வெட்டு விழுந்தாலே போதும், கட்டுச் சங்கிலிகள் அறுந்துவிடும். எடையில் மாற்றம் தெரியாது, உருகும் வெப்பமும் பெரிதாக மாறாது, ஆனால் பிடிமானம் போய்விட்டது. இன்னொன்றும் நடக்கும்: குட்டையான துண்டுகள் சிக்கலிலிருந்து விடுபட்டுப் படிகத்தில் போய் அடுக்கிக்கொள்வதால் மேற்பரப்பு சுருங்கி வெடிக்கிறது. வாளி வெளுத்துச் சுண்ணாம்பு பூசினதுபோல் தெரிவதற்கு நிறமி மங்குவது ஒரு காரணம் என்றால், இந்த நுண்விரிசல்கள் ஒளியைச் சிதறடிப்பது இன்னொன்று. சேதம் மேல்பக்கத்தில்தான் ஆழமில்லாமல் இருக்கும், ஆனால் நீங்கள் தூக்கும்போது ஒவ்வொரு விரிசலும் கத்தரி போட்ட வெட்டாக வேலை செய்கிறது. பால் கவர்ப் பட்டையில் துளி வெட்டு என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள்.

தொட்டியைக் காப்பது அதன் கறுப்பு. அந்தக் கறுப்பும் கார்பன்தான். கார்பன் பிளாக் என்று பெயர். எண்ணெயைக் குறைந்த காற்றில் எரித்துப் பிடிக்கும் நயமான புகைக்கரி. நல்ல ரகத்தில் ஒரு துகள் சுமார் 20 நானோமீட்டர், துகள்கள் திராட்சைக் கொத்துபோல ஒட்டியிருக்கும். உள்ளே சின்னச் சின்னக் கிராஃபைட் தாள் துண்டுகள் வெங்காயத் தோல்போல ஒழுங்கில்லாமல் சுற்றியிருக்கும். அந்தத் தாள்களில் உள்ள எலக்ட்ரான்கள் புற ஊதாக் கதிரை விழுங்கி வெப்பமாக மாற்றிவிடும். அறுந்த முனைகள் அடுத்த சங்கிலியைத் தாக்கும் முன் அவற்றைப் பிடித்தும் வைக்கும். தண்ணீருக்கான எச்.டி. குழாய்களின் இந்திய தரம் ஐ.எஸ். 4984, கார்பன் பிளாக் 2.5 சதவீதம், கூடக்குறைய அரை சதவீதம் என்று கேட்கிறது. தொட்டிக்கான தரம் ஐ.எஸ். 12701. அளவு சரியாக இருந்தால் போதாது, சீராகப் பரவியும் இருக்க வேண்டும். கட்டி கட்டியாக நின்றுவிட்டால் கட்டிக்கு நடுவே வெயில் புகும், கட்டியே விரிசலுக்கு விதையாகும். டயரில் கார்பன் பிளாக் கால் பங்குக்கு மேல்கூட இருக்கும். அங்கே அதன் வேலை வேறு: ரப்பர் சங்கிலிகள் துகளின் மேல் ஒட்டிக்கொண்டு தேய்மானத்தைத் தாங்குகின்றன. திருவொற்றியூரிலோ ஒரகடத்திலோ டயர் ஆலைக்குள் எங்கும் கறுப்பாக இருப்பது இந்தத் தூளால்தான்.

ஒரு எச்சரிக்கை. கறுப்பாக இருப்பதெல்லாம் வெயில் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பலமுறை உருக்கிய கலவைப் பிளாஸ்டிக்கின் பல நிறத்தையும் மறைக்கக் கறுப்பு போடுவதுதான் சுலபமான வழி. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் சங்கிலி கொஞ்சம் குட்டையாகும், பி.பி.யும் எச்.டி.யும் கலந்தால் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனித் திட்டாக நிற்கும். அப்படிப்பட்ட வாளியை நகத்தால் தட்டினால் மந்தமான ஓசை வரும், விளிம்பைக் கிள்ளி வளைத்தால் வெள்ளைக் கோடு விழும் என்று அனுபவத்தில் சொல்வார்கள். ஓரளவு உதவும், தீர்ப்பாகாது. கறுப்பு இல்லாத வாளிக்கும் வெயில் தாங்கும் மருந்து உண்டு. கால் அரை சதவீதம் சேர்த்தால் போதும். சேர்த்திருக்கிறார்களா என்று கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

கிராஃபைட்டின் தாள் வழுக்குவதைப் பார்க்க மிக்ஸியைத் திறந்தால் போதும். மோட்டாரின் இருபுறமும் ஸ்பிரிங்கோடு இருக்கும் கார்பன் பிரஷ், நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று வரை சுழலும் செம்பு வளையத்தின் மேல் உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கிறது. செம்பைச் செம்பின் மேல் அப்படி உரசவிட்டால் சில நிமிடத்தில் ஒட்டிப் பொசுங்கிவிடும். கிராஃபைட் தாளுக்குள் மின்சாரம் ஓடும், தாளுக்குத் தாள் வழுக்கும். இரண்டு குணமும் ஒரே பொருளில் கிடைப்பது அரிது. அந்த வழுக்கலுக்குக் காற்றின் ஈரமும் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில், ஈரமற்ற மெல்லிய காற்றில் பறந்த விமானங்களில் பிரஷ்கள் மளமளவென்று தூளாகித் தேய்ந்ததிலிருந்துதான் இது தெளிவாகத் தெரியவந்தது. சென்னையில் அந்தக் கவலை இல்லை. பிரஷ் தேய்ந்து மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியதும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் அழுத்தம் சமமாகாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகே கழற்றுங்கள். மாற்றியதும் ஜார் இல்லாமல் சில நிமிடம் விட்டு விட்டு ஓட்டினால் பிரஷின் முகம் வளையத்தின் வளைவுக்குப் படியும். சிறு நீலப் பொறி சகஜம். வளையத்தைச் சுற்றி நெருப்பு வட்டமாக ஓடினால் கோளாறு பிரஷில் மட்டும் இல்லை, வளையத்தையோ சுருளையோ பார்க்க வேண்டும்.

தண்ணீர் வடிகட்டிக்குள் இருக்கும் கரி இன்னொரு கதை. அதில் பயன்படுவது தாள்களின் நடுவே விட்ட வெற்றிடம். கொட்டாங்கச்சியைக் கரியாக்கி, 800 முதல் 1000 டிகிரியில் நீராவி பாய்ச்சினால் தாள் துண்டுகளின் ஓரங்கள் அரிக்கப்பட்டு, 2 நானோமீட்டருக்கும் குறைவான துளைகள் கோடிக்கணக்கில் திறக்கும். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் இது பெரிய தொழில். நல்ல கரியில் ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு. நம் கணக்கில் நாலரை கிரவுண்டு. நாற்றம் தரும் கரிமப் பொருட்கள் அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்கின்றன. குளோரினை அது ஒட்டவைப்பதில்லை, வினைபுரிந்து குளோரைடாக மாற்றிவிடுகிறது. உப்பை எதுவும் செய்யாது. போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கரியால் குறையும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஆர்.ஓ. இயந்திரத்தில் கரி, சவ்வுக்கு முன்னால் வருவதற்குக் காரணம் உண்டு: சவ்வின் மேல்தோல் பாலிஅமைடு, குளோரின் அதன் சங்கிலியைக் கெடுக்கும். கரி தீர்ந்தது தெரியாமல் மெட்ரோ வாட்டரை ஓட்டிக்கொண்டிருந்தால், சில மாதத்தில் சவ்வு ஓட்டையாகி வெளிவரும் தண்ணீரின் டி.டி.எஸ். ஏறத் தொடங்கும். அப்போது சவ்வை மட்டும் மாற்றினால் புதுச் சவ்வுக்கும் அதே கதிதான். தீர்ந்த கரியை வெயிலில் காயவைப்பதாலும் கொதிநீரில் போடுவதாலும் பழைய நிலை வராது. துளையைத் திறக்க மறுபடி அந்த 800 டிகிரி வேண்டும். குளோரின் போன தண்ணீர் தேங்கும் இடம் என்பதால் பழைய கரியில் கிருமியும் வளரும். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் முதல் சில லிட்டரைக் கீழே விட்டுவிடுங்கள்.

சங்கிலியைத் தாளாக மாற்றவும் முடியும். ஸ்வெட்டர் நூலாகும் அக்ரிலிக் இழையை இழுத்துப் பிடித்தபடி காற்றில் 200 முதல் 300 டிகிரியில் வாட்டி, பிறகு நைட்ரஜனில் ஆயிரம் டிகிரிக்கு மேல் ஏற்றினால், சங்கிலி ஏணியாகி, ஏணிகள் தாளாகி, இழையின் நீளவாட்டில் படுத்துவிடும். அதுதான் கார்பன் ஃபைபர்: சாதாரண ரகத்தின் விறைப்பு 230 ஜிகாபாஸ்கல், எடை எஃகில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. நீளவாட்டில்தான் அந்த வலு. குறுக்கே தாங்குவது அதைச் சுற்றிய பிசின். குக்கர் கைப்பிடியின் பேக்கலைட்டும் சூட்டில் உருகாமல் கரியாகும், காரணம் அதன் சங்கிலிகள் குறுக்கும் நெடுக்கும் பின்னியவை. பின்னல் இல்லாத பாலித்தீனை நைட்ரஜனில் சுட்டால் துண்டு துண்டாக அறுந்து ஆவியாகிவிடும், கரியே மிஞ்சாது.

இதுவரை சொன்னவை உறுதியானவை. கருத்து வேறுபாடு உள்ளவற்றையும் சொல்ல வேண்டும். இருபது லிட்டர் கேன் பாலிகார்பனேட் என்றால் அதிலிருந்து அந்தப் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான பிஸ்பினால்-ஏ மிகச் சிறு அளவில் தண்ணீரில் இறங்கும், சூட்டில் கூடும் என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு வரை தீங்கில்லை என்பதில்தான் பெரிய சண்டை: 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு அன்றாட வரம்பை இருபதாயிரம் மடங்கு குறைத்தது, ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. கேனை வெயிலில் அடுக்காமல் இருக்க இந்தச் சண்டை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதேபோல, 2020இல் கீழடிப் பானைகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக வேலூர் ஆய்வாளர்கள் வெளியிட்டது பெருமைக்குரிய கண்டுபிடிப்பு. சூளையில் தாவரப் பொருள் கரிந்தபோது தாள்கள் சுருண்டு குழாயாகியிருக்கலாம். குயவர்கள் தெரிந்தே செய்தார்கள் என்று மட்டும் அதிலிருந்து சொல்ல முடியாது.

பெரம்பூர் நண்பருக்கு: புது வாளியை உள்ளே வையுங்கள், மாடியில் வைத்தே தீர வேண்டும் என்றால் ஒரு சாக்கு போட்டு மூடினால்கூட ஆயுள் கூடும். என்ன பிளாஸ்டிக் என்று ஓரளவு தெரிய, உடைந்த துண்டைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலித்தீன் அல்லது பி.பி., மூழ்கினால் பி.வி.சி., பெட், பாலிகார்பனேட் போன்ற வேறு ஏதோ. கொளுத்திப் பார்க்கும் பழைய வழி வேண்டாம், பி.வி.சி.யாக இருந்தால் அமிலப் புகை வரும். தொட்டியின் கறுப்பு சரியான அளவில் இருக்கிறதா என்று ஒரு குடியிருப்புச் சங்கம் மொத்தமாக வாங்கும்போது கேட்டால் நியாயம்தான். கிண்டியில் உள்ள, மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் போன்ற சோதனைக்கூடத்தில் பார்க்கலாம். சோதனை எளிமையானது. தொட்டியிலிருந்து சீவிய ஒரு கிராம் துண்டை எடைபோட்டு, நைட்ரஜன் ஓடும் குழாய்க்குள் 550 டிகிரி அளவில் முக்கால் மணி நேரம் வைப்பார்கள். பாலித்தீன் முழுவதும் ஆவியாகிப் போய்விடும். தட்டில் தங்கும் கறுப்புத் தூளை எடைபோட்டு, அதையும் காற்றில் எரித்து மிஞ்சும் சாம்பலைக் கழித்தால், 20 முதல் 30 மில்லிகிராம் நிற்க வேண்டும்.